கல்வி விருதுக் குழுவினருக்கு: படிவத்தில் இன்னும் சில கட்டங்கள் வேண்டும்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் கல்வி விருது வழங்கும் தமிழ் அமைப்புகளின் விருதுக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விழாக்களுக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். பாதி நேரம் மேடைக்குப் பின்னால், மண்டபம் முழுக்க மின்சாரம் பிரிந்து போகிற டிபி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். ஒலிபெருக்கிக்காரர், விளக்குக்காரர், சாப்பாட்டுக்காரர் மூவரும் ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் சொருகி, வரவேற்புரைக்கு நடுவில் மின்சாரம் டிரிப் ஆனால் கூப்பிடுவது என்னைத்தான். உரிமம் பெற்ற மின்பணியாளன் நான். ஈசூனில் இருக்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விருது விண்ணப்பப் படிவத்தில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), ஓ நிலை, ஏ நிலை (உயர்நிலைப் பள்ளி, புகுமுக வகுப்புத் தேர்வுகள்), பல்கலைக்கழகம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களையும், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களையும், வேலை பார்த்துக்கொண்டே இரவில் படிக்கும் பெரியவர்களையும் சேருங்கள். சில அமைப்புகள் ஏற்கெனவே சேர்த்திருக்கின்றன. அவர்கள் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிடலாம், வருத்தப்பட மாட்டேன்.

இப்போது எழுதக் காரணம் என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பையன். ஹையர் நைடெக் (தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேல்நிலைச் சான்றிதழ்) படிக்கிறான். பெயர் வேண்டாம். அவனுடைய அம்மா ஓர் அமைப்பின் படிவத்தை வாங்கி வந்து, அவன் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியாமல் அந்த அமைப்புக்கே போன் செய்திருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றாராம். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, இவன் படிக்கிறது படிப்பில்லையா?"

அந்தப் பையன் அதற்காக அழவில்லை, படிப்பை விடவும் இல்லை. படிவத்தை மேசை மேலேயே போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். அந்த அலட்சியம்தான் எனக்கு உறுத்தியது. நம்மவர்கள் தன்னைக் கணக்கில் வைக்க மாட்டார்கள் என்று இருபது வயதுக்குள் ஒருவன் முடிவு கட்டிவிட்டால், நாளைக்கு நீங்கள் தொண்டூழியர் வேண்டும், சந்தாதாரர் வேண்டும், இளையர் அணி வேண்டும் என்று அறிவிப்புக் கொடுக்கும்போது அவன் திரும்பிப் பார்ப்பானா?

இதில் விசித்திரம் என்னவென்றால், மதிப்பெண் விஷயத்தில் அரசாங்கமே பிடியைத் தளர்த்திவிட்டது, நாம்தான் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறோம். பிஎஸ்எல்இ-யில் முதலிடம் பெற்ற மாணவர் பெயரை வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012-லேயே நிறுத்திவிட்டது. 2021-இல், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் டி-ஸ்கோர் போனது; நான்கு பாடத்துக்கும் ஏஎல் என்ற பெயரில் 1 முதல் 8 வரை தரம், கூட்டினால் 4 முதல் 32 வரை என்று வந்தது. 2024-இல் உயர்நிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளுக்கு, பிஎஸ்எல்இ மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கும் விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்ற பிரிவே கிடையாது. ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரு பாடத்தை எளிதான ஜி1 நிலையிலும் இன்னொன்றைக் கடினமான ஜி3 நிலையிலும் படிக்கலாம். 2027-இல் அவர்கள் எழுதப்போவது ஓ நிலையுமில்லை, வழக்கநிலைக்காரர்கள் எழுதிய 'என்' நிலையுமில்லை; எல்லோருக்கும் பொதுவான ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. அந்த ஆண்டு உங்கள் படிவத்தை எப்படியும் திருத்தித்தான் ஆக வேண்டும். திருத்துகிற கையோடு மிச்சத்தையும் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது.

நான் உயர்நிலை ஒன்றுக்குப் போனது 1994-இல். வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது அந்த ஆண்டுதான். முதல் அணி நாங்கள். எங்களுக்கு முன்னால் யாரும் அந்த வழியில் போகாததால், இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஆள் இல்லை. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து "தம்பி என்ன படிக்கிறான்?" என்றால் அப்பா "செகண்டரி" என்று மட்டும் சொல்வார். பொய்யில்லைதானே. மாமா ஒருவர் விடமாட்டார், "எக்ஸ்பிரஸா, நார்மலா?" என்று நோண்டுவார். அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கணக்கு எனக்கு வராது என்று எல்லோரும் சொல்லி, நானும் அதை நம்பிவிட்டேன். வர்க்கமூலம் என்றால் கால்குலேட்டரில் இருக்கும் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

1998-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்துறையில் சேர்ந்தேன். இன்று சீமெய், சுவா சூ காங், அங் மோ கியோ வளாகங்களைப் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். அப்போது எல்லாம் தீவு முழுக்கச் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன வளாகங்கள். சான்றிதழ் பெயர்கூட என்டிசி-2 என்று இருந்தது. நைடெக் எல்லாம் அப்புறம் வந்தது. பயிலரங்கில் சுவரோரம் வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் மும்முனை இணைப்பு. எங்கள் பயிற்றுநர் ஒரு மலாய்க்காரர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார்.

ஒருநாள் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னார். 230 வோல்ட். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 230. நீலத்துக்கும் கறுப்புக்கும் 230. சரி, இப்போது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வை என்றார். நான் 460 வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு 230 சேர்ந்தால் 460தானே? மீட்டர் 400 காட்டியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்றேன். அவர் சிரிக்கவில்லை, வேறு மீட்டர் எடுத்துக் கொடுத்தார். அதிலும் 400. "400-ஐ 230-ஆல் வகு" என்றார். 1.73 சொச்சம். "இப்போது மூன்றைத் தட்டி அந்த ரூட் பட்டனை அழுத்து" என்றார். 1.732.

நான் முழித்தேன். அவர் வயர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து மூன்று திசையில் மூன்று கோடு இழுத்தார். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 120 பாகை. ஒரு கம்பியில் மின்னழுத்தம் உச்சிக்கு வரும் நேரத்தில் அடுத்த கம்பியில் உச்சிக்கு வந்திருக்காது, கொஞ்சம் பிந்தித்தான் வரும், அதனால் இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது என்றார். பிறகு ஸ்கேலைக் கொடுத்து, இரண்டு கோட்டு முனைகளுக்கும் நடுவில் அளக்கச் சொன்னார். அளந்தேன். 17.3 சென்டிமீட்டர்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் அடுத்த பையனிடம் போய்விட்டார். நான் மட்டும் ஸ்கேலை வைத்து அதையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். புத்தகத்தில் செத்துக் கிடந்த ஓர் எண், கையில் இருந்த மீட்டரிலும் அட்டையிலும் ஒரே மாதிரி வந்து நின்றது. அந்த வாரம் கணக்குப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே நானாகத் திறந்தேன். மறுவாரம் பயிற்றுநர் புதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து, "இவனுக்கு நீ காட்டு" என்று என் பக்கத்தில் நிறுத்தினார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் நானே வலியப் போய் என்ன படிக்கிறேன் என்று சொன்னேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் விழாக்களில் தன்னம்பிக்கை உரை கட்டாயம் இருக்கும். "உன்னால் முடியும் தம்பி, எழுந்து நில்" என்று ஒருவர் அரைமணி நேரம் முழங்குவார். ஒரு குறள், ஒரு குட்டிக்கதை, கைதட்டல். குறை சொல்லவில்லை, சிலர் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் நம்பிக்கை அந்த வாசல் வழியாக வருவதில்லை. முதலில் ஏதோ ஒன்று கைக்குப் பிடிபட வேண்டும். அதை விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, சரி என்று தலையாட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் நம்பிக்கை வரும், அதன் பின்னால் அடுத்த படிப்பு வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நம்பு, பிறகு படி என்றால், ஏற்கெனவே ஒன்பது முறை தோற்றதாகச் சொல்லப்பட்ட பிள்ளை எதை வைத்து நம்பும்?

முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன் பெயரை உங்கள் மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டிய பெயர்தான். ஆனால் 1999-இல் அதிபரானார் என்பதிலிருந்து கதையைத் தொடங்குகிறோம். அதற்கு முந்தைய பகுதிதான் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது. 1924-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனவர். ஜப்பானியர் காலத்தில் தானாகவே ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு, வேலைக்குப் போய்க்கொண்டே விட்ட பள்ளிப் படிப்பைத் தானாகப் படித்து முடித்தார். அப்புறம்தான் மலாயாப் பல்கலைக்கழகம். 1954-இல் சமூக ஆய்வுத் துறையில் அவர் வாங்கியது டிப்ளோமா. அப்போது அவருக்கு வயது முப்பது. அதன் பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார். அந்த நாதன் இருபத்தைந்து வயதில் இன்று உங்கள் படிவத்தை வாங்கியிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார் என்று குழுக் கூட்டத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

படிப்பு ஒரு தடவையோடு முடிகிற காரியமில்லை என்பதை என் தொழில் எனக்கு வேறு விதமாகக் காட்டியது. 2009-இல் சிங்கப்பூரில் வயர் நிறங்கள் மாறின. அதுவரை சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ் (மின்சாரம் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி). புது முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவ்; நீலம் நியூட்ரல். கவனித்தீர்களா? பழைய நியூட்ரல் நிறம் புதிதில் லைவ், பழைய லைவ் நிறம் புதிதில் நியூட்ரல். மாறுவதற்கு அவகாசமெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் கட்டடம் பழசு, நீட்டுகிற வயர் புதுசு என்றால் இரண்டு முறையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இருபது வருடம் கறுப்பைப் பயமில்லாமல் தொட்டுப் பழகிய கைக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து! நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் படத்தைப் பார்த்து, சோதித்துத்தான் தொடுவான். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்தான் பார்க்காமல் தொடுவார்.

அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் பகுதிநேர டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன். எலக்ட்ரிஷன் உரிமத்தோடு 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரை வேலை செய்யலாம். ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் மெயின் பொதுவாக 40 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் ஒன்பது கேவிஏ சொச்சம். ஆக வீடுகளும் சின்னக் கடைகளும் என் எல்லை. டிப்ளோமாவும் அனுபவமும் சேர்ந்தால் அடுத்த உரிமத்தில் 500 கேவிஏ வரை உள்ள இணைப்பை இயக்கலாம். ஒரு சிறு தொழிற்சாலையே நம் பொறுப்பில் வரும். சம்பளமும் அதற்கேற்ப. ஆசை யாரை விட்டது.

இரவு வகுப்பு என்பது ஒரு தனி உலகம். வேலையிடத்திலிருந்து அப்படியே சேஃப்டி பூட்ஸோடு வருகிறவர், வழியில் வாங்கிய பிராட்டாவைப் படிக்கட்டில் நின்றே தின்றுவிட்டு உள்ளே ஓடுகிறவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுவில் எழுந்து போன் பேசுகிற அம்மா, ஓய்வுபெறும் வயதை நெருங்கி நோட்டில் அழகாகத் தலைப்புக்கு அடிக்கோடு போடுகிற ஃபோர்மேன். பத்து மணிக்கு வகுப்பு முடிந்தால் காப்பிக்கடையில் ஒரு தே வாங்கிக்கொண்டு, புரியாத கணக்கை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். அங்கே யாரும் யாரிடமும் எந்தப் பள்ளி, எத்தனை மதிப்பெண் என்று கேட்டதில்லை. நாளை தேர்வில் ஸ்டார்–டெல்டா (மும்முனை மோட்டாரை இணைக்கும் முறை) வருமா வராதா என்பதுதான் பேச்சு. அந்தக் கூட்டத்தில் தமிழர்கள் குறைவில்லை. அவர்களில் ஒருவரைக்கூட உங்கள் விழா மேடையில் நான் பார்த்ததில்லை, டிபி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த வரைக்கும்.

நாற்பது தாண்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 2024 மே மாதம், படிப்புச் செலவுக்கு அரசாங்கம் பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டிருக்கிறார்கள். அதற்குக் காலாவதி இல்லை. பகுதிநேர டிப்ளோமா உட்பட, தேர்ந்தெடுக்கப்பட்ட பாடங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். வேலையை நிறுத்திவிட்டு முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கு, தகுதிபெறும் பாடங்களில் முந்தைய சம்பளத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் 2025-இல் வந்துவிட்டது. இதெல்லாம் பேப்பரில் வந்த செய்திதான். ஆனால் எனக்குத் தெரிந்த எத்தனையோ அண்ணன்மார், அக்காமார் அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டால், "நமக்கெதுக்குப்பா இந்த வயசுல" என்கிறார்கள். அது அடக்கமாகத் தெரியும். உள்ளே இருப்பது பயம். இணையத்தில் ஆயிரக்கணக்கான பாடங்கள் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கின்றன, எதைத் தொடுவது என்று தெரியாத பயம். (அந்தப் பணத்தை ரொக்கமாக மாற்றித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது மோசடி.)

இங்கேதான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். உங்களிடம் அறை இருக்கிறது, ஞாயிறு மதியம் சும்மா கிடக்கிற நாற்காலி இருக்கிறது, ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளையர்கள் இருக்கிறார்கள். திருமணமாகி ஊரிலிருந்து வந்து, பட்டம் வைத்திருந்தும் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலர் பாலர் பள்ளி ஆசிரியராக, தாதிமை உதவியாளராகப் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். தொடங்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முதல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த உதவி. இரண்டு மணி நேர வேலை.

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னோடு வேலை செய்பவர்களில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள் இருக்கிறார்கள். பாதிப் பேர் ஊரில் டிப்ளோமா முடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தேக்காவுக்குப் போகும்போது இவர்கள் திறன் தேர்வு வகுப்புக்குப் போகிறார்கள். கட்டுமானத் துறையில் 2024 முதல் அடிப்படைத் திறனாளருக்கு முதலாளி கட்டும் மாத வரி 900 வெள்ளி, உயர் திறனாளருக்கு 500. அந்தத் தம்பி படித்து மேலே போனால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதில் எவ்வளவு தம்பியின் கைக்கு வரும் என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. அதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஆனால் விடுதியில் எட்டு மணிக்கு லாரியை விட்டு இறங்கி, குளித்து, சமைத்து, பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற ஆளை நம் மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்த முடியும். பொன்னாடைக்கு நம்மிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

இது உங்கள் வேலையில்லை என்று யாராவது சொன்னால், நம் அமைப்புகளின் பழைய வரலாற்றைத்தான் காட்டுவேன். கடையநல்லூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் அமைப்பு 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. போர் முடிந்த மறு ஆண்டு அது. கையில் காசு புரண்ட காலமா? பிற்பாடு உயர்நிலைப் பள்ளியாகி, 1982 வரை நடந்தது. பிறகு 1991-இல் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) வந்தது. நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அதற்குப் போகிறது. அதன் துணைப்பாட வகுப்புகளில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். சிண்டா இருக்கிறதே, நாங்கள் எதற்கு என்று ஓய்ந்துவிடாதீர்கள். ஒரு பெரிய அமைப்பின் கண்ணில் படாத ஆளை, தெருவுக்குத் தெரு ஆள் தெரிந்த சின்ன அமைப்புதான் கண்டுபிடிக்க முடியும்.

தரம் பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். மதிப்பெண் என்றால் வரிசைப்படுத்துவது சுலபம், தெரியும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் நான்குக்கு இவ்வளவு என்று ஜிபிஏ இருக்கிறது, வேண்டுமானால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், தான் செய்த ஒரு பொருளையோ ஒரு வேலையின் படத்தையோ கொண்டுவந்து உங்கள் குழுவின் முன் பத்து நிமிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஏன் சூடாகிறது, நோயாளியைப் படுக்கையில் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, மாவு ஏன் பொங்கவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலம் கலக்கட்டும், முகம் சுளிக்காதீர்கள். தமிழில் தன் வேலையை விளக்கச் சொல்லி இதுவரை அவர்களை யாரும் கேட்டதே இல்லை. கேட்டால் உங்களுக்குப் புதிதாக நாலு விஷயம் தெரியும், உங்கள் மொழி வளர்ச்சிக் குழுவுக்கும் அது தீனி.

பரிசு விஷயத்தில் ஒரு யோசனை. கண்ணாடிக் கேடயம் வேண்டாம். எங்கள் வீட்டில் ஷோகேஸே இல்லை. மின்துறைப் பிள்ளைக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர், சமையல் படிக்கிறவருக்கு ஒரு நல்ல கத்தி, தாதிமை படிக்கிறவருக்கு நாள் முழுக்க நின்றாலும் கால் வலிக்காத ஒரு ஜோடி காலணி. விலை கேடயத்தைவிட ரொம்பக் கூடுதலாகிவிடாது. நம் ஆட்கள் வாங்கிக் கொடுத்தது என்று தினமும் கையில் எடுக்கும்போது ஞாபகம் வரும்.

விழா நேரத்தையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வைத்தால் இரவு வகுப்புக்காரர்கள் வர முடியாது, தாதியர் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், விடுதித் தம்பிகள் அப்போதுதான் லாரி ஏறியிருப்பார்கள். ஞாயிறு மதியம் வையுங்கள். சமூக மன்ற மண்டபம் அந்த நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், பதிவு செய்ய நானும் அலைகிறேன். திறன் தேர்வு வகுப்பு முடிந்து வருகிறவர்கள் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார்கள், அவர்களுக்கும் சாப்பாடு மிச்சம் இருக்கட்டும். மின்சாரத்துக்குக் காசு வேண்டாம். ஆனால் சாப்பாட்டுக்காரரின் சூடாக்கிகளை ஒலிபெருக்கி லைனில் சொருகாதீர்கள், தனி சர்க்கியூட் இழுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு மின்பணியாளர்